பிள்ளை மேல் கேஸ்: ஜே.ஜே. போர்டுக்குப் போகும் அப்பா அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

மூன்று வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11.30க்கு எனக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பையனுக்கு அப்போது 16 வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரோடு சேர்ந்து, யாரோ கடை வாசலில் நிறுத்தியிருந்த பைக்கை எடுத்து ஓட்டி, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறான். கேஸ் ஐந்தாவது மாதத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறையப் பேர் இதே மாதிரி இரவுகளில் எனக்குப் போன் செய்துவிட்டார்கள், எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை, எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். சட்டம் என்று இங்கே சொல்வதெல்லாம் 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 2021ல் அதற்கு வந்த திருத்தம், இவற்றின் கீழ் போட்ட விதிகள். இடம் தமிழ்நாடு. போர்டு என்று நான் சொல்வது ஜே.ஜே. போர்டு, அதாவது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் மேல் வரும் கேஸை விசாரிக்கிற குழு.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்ய?

போங்கள். தனியாகப் போகாதீர்கள், நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்சிக்காரரையும் "எனக்கு எஸ்.ஐ.யைத் தெரியும்" என்கிற மச்சானையும் தவிர்க்கலாம், அவர்கள் வந்தால் பேச்சு பையனை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடும். கிளம்பும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., பிறப்புச் சான்றிதழ், இதில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதையும், அவன் மருந்து ஏதாவது சாப்பிடுகிறவன் என்றால் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். என்ன புகார், பையனை எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் (ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்படி ஒருவரை நியமித்திருக்க வேண்டும்), போர்டில் எப்போது ஆஜர்படுத்துவீர்கள். பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தோடு. பிடித்த நேரத்திலிருந்து பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவனைப் போர்டு முன்னால் நிறுத்தியாக வேண்டும். போர்டு அன்றைக்கு அமரவில்லை என்பது காரணமாகாது, உறுப்பினர் ஒருவர் முன்னால் ஆஜர்படுத்தினாலும் போதும்.

செய்யக் கூடாத ஒன்றை நான் செய்தேன். உள்ளே நுழைந்ததும் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தேன். அங்கே இருந்த ஏட்டு "நல்லா போடுங்க சார்" என்றார். எனக்கு அந்த நிமிஷம் அது ஆதரவு மாதிரி இருந்தது. பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். அது சரியா?

பெரும்பாலான சிறார் வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். கூடாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பப் பின்னணி பற்றி ஒரு அறிக்கையோடு போர்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இரண்டு விதிவிலக்கு: கொடுங்குற்றம் (குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் உள்ளது) என்றால் போடலாம், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் என்றால் போடலாம். எங்கள் விஷயத்தில் கூட இருந்தவர்களில் ஒருவனுக்கு 19 வயது, அதனால் போட்டார்கள். ஆனால் அவன் வழக்கு வேறு, என் பையன் வழக்கு வேறு. சிறாரையும் பெரியவரையும் ஒன்றாக விசாரிக்கச் சட்டம் அனுமதிக்காது. அந்த 19 வயதுக்காரன் வைத்திருந்த வக்கீலையே நாங்களும் வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்று யோசித்தோம். அது தப்பான யோசனை, அவனுக்கு நல்லதாக இருப்பது உங்கள் பையனுக்குக் கெட்டதாக இருக்கலாம்.

லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். அடித்ததாகவும் சொல்கிறான்.

லாக்கப், ஜெயில் இரண்டும் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. வாக்குமூலம் என்று எதிலும் அவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. விசாரிக்கிறவர்கள் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது என்றும் பெற்றோர் கூட இருக்கலாம் என்றும் விதி இருக்கிறது. நடைமுறையில்? எங்கள் பையனை ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள், காக்கிச் சட்டைதான் கேள்வி கேட்டது.

அடித்திருந்தால் ஸ்டேஷனில் நின்று சண்டை போடாதீர்கள். போர்டில் ஆஜர்படுத்தும் முதல் நாளே மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல வேண்டும், பையனே சொல்ல வேண்டும், காயம் இருந்தால் காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுவாரம் சொன்னால் காயமும் ஆறிவிடும், "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வியும் வந்துவிடும். முதல் நாள் வாசலில் "எதுவும் சொல்லாதே, போலீஸைப் பகைத்துக்காதே" என்று பிள்ளையின் வாயை அடைக்கிற பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயம் புரிகிறது. ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள்.

அவனுக்கு 18 ஆகிவிட்டது என்கிறது போலீஸ். எங்களுக்குத் தெரிந்து 17தான்.

இது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிற சிக்கல். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதவில்லை என்று அன்றைக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் கூட்டிச் சொல்லியிருப்போம். அது டி.சி.யில் ஏறி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறி, இப்போது வந்து நிற்கும். சட்டம் வயதைப் பார்க்கும் வரிசை இது: முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால்தான் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. ஆகவே இரண்டு தேதிக்கும் வித்தியாசம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் இரண்டு தாளையும் கொடுத்துவிடுங்கள். எந்தத் தாள் சாதகமோ அதை மட்டும் காட்டிவிட்டு மற்றதை பீரோவில் பூட்டி வைத்தால் அது வெளியே வரும் நாள் மோசமான நாளாக இருக்கும்.

கணக்குக்கு எடுப்பது சம்பவம் நடந்த தேதியில் இருந்த வயது, பிடித்த தேதியில் இருந்த வயது இல்லை. வழக்கு நடக்கும்போது 18 ஆனாலும் போர்டிலேயேதான் தொடரும். தவறுதலாகப் பெரியவர்கள் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருந்தாலும், எந்தக் கோர்ட்டிலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, "அப்போது இவன் சிறார்" என்று சொல்லலாம்.

வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு பைசா ஆகாமலும் முடியும். குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி வருமானம் பார்க்காமல் கிடைக்கும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். போர்டிலும் சட்ட உதவி வக்கீல் இருப்பார். காசு கொடுத்து வைப்பதென்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஜே.ஜே. போர்டில் எத்தனை கேஸ் நடத்தியிருக்கீங்க?" செஷன்ஸ் கோர்ட்டில் சிங்கம் மாதிரி கர்ஜிக்கிறவர் இங்கே வந்து கர்ஜித்தால் பிரயோஜனம் இல்லை. முதலில் வைத்த எங்கள் வக்கீல் அப்படி. இரண்டாவது வாய்தாவுக்கு ஜூனியரை அனுப்பினார், அந்தப் பையனுக்கு கேஸ் கட்டே தெரியாது. மூன்றாவதிலிருந்து சட்ட உதவி வக்கீலம்மாவுக்கு மாறினோம், அவர் ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் முன்னால் பையனோடு தனியாகப் பத்து நிமிஷம் பேசினார். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு. அது எனக்கு அன்றைக்குக் கோபமாக இருந்தது, ஆனால் சரியானது அதுதான், அப்பா பக்கத்தில் இருந்தால் எந்தப் பையனும் முழுசாகச் சொல்ல மாட்டான்.

ஜே.ஜே. போர்டு என்றால் கோர்ட் மாதிரிதானா? கூண்டு இருக்குமா?

அதன் முழுப் பெயர் இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள் என மூன்று பேர், சமூக சேவகர்களில் ஒருவராவது பெண். கூண்டு கிடையாது, உயரமான மேடை கிடையாது, கறுப்பு அங்கிக் கூட்டம் கிடையாது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்தோ நின்றோ பேசுவார்கள். பல மாவட்டங்களில் கூர்நோக்கு இல்ல (விசாரணை முடியும் வரை பிள்ளைகளை வைத்திருக்கும் இடம்) வளாகத்திலேயே நடக்கிறது. வாரத்தில் சில நாட்கள்தான் அமர்வு, அதனால் வாய்தா நாளில் கூட்டம் இருக்கும், காலையில் போனால் மதியம் கூப்பிடலாம்.

உள்ளே உங்களிடமும் கேள்வி கேட்பார்கள், இதற்குப் பல பேர் தயாராக இருப்பதில்லை. பையனுக்கு எந்தப் பாடம் பிடிக்கும்? அவன் நண்பர்கள் பேர் என்ன? கடைசியாக எல்லோரும் சேர்ந்து எப்போது சாப்பிட்டீர்கள்? எனக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியவில்லை.

போன் பேசிக்கொண்டே உள்ளே போகாதீர்கள். பையன் பதில் சொல்லத் திணறும்போது நடுவில் புகுந்து நீங்கள் சொல்லாதீர்கள். அவனுக்கு வேறு மொழிதான் வரும் என்றாலோ காது கேட்பதிலோ புரிந்துகொள்வதிலோ சிக்கல் இருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜாமீன் கிடைக்குமா?

பெரியவர்கள் கேஸில் "ஜாமீனில் வர முடியாத பிரிவு" என்று பயமுறுத்துவார்கள் அல்லவா, இங்கே அந்தப் பாகுபாடே இல்லை. எந்தப் பிரிவாக இருந்தாலும் விடுவதுதான் சட்டம். விட மறுக்க மூன்று காரணம்தான் உண்டு: வெளியே வந்தால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர வாய்ப்பு இருக்கிறது, அவனுக்கே ஆபத்து இருக்கிறது, நீதியின் நோக்கமே கெட்டுவிடும். இதில் எது என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் பையனை முதல் நாள் விடவில்லை, ஆறு நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். காரணம் அந்த 19 வயதுக்காரன் மேல் பழைய கேஸ் இருந்தது, அவன் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வக்கீலம்மாவுக்கு மாறியதும் அவர் என்ன செய்தார் தெரியுமா, சட்டம் பேசவே இல்லை. பையனை வேறு ஊரில் என் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறோம், அங்கிருந்தே வாய்தாவுக்கு வருவான், இதோ அக்காவின் சம்மதக் கடிதம், என்று கொடுத்தார். அன்றைக்கே விட்டார்கள். ஆகவே "என் பையன் நல்லவன்" என்று சொல்வதைவிட, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்கு ஒரு ஏற்பாடு காட்டுவதுதான் வேலை செய்யும். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாமல் போனால் (ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்) நிபந்தனையை மாற்றுவதற்காக மறுபடி போர்டு முன்னால் கொண்டுவர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எப்படி இருக்கும்?

சீர்திருத்தப் பள்ளி, சிறுவர் ஜெயில் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். விசாரணை முடியும் வரை வைத்திருப்பது கூர்நோக்கு இல்லம், இறுதி உத்தரவுக்குப் பிறகு வைத்திருப்பது சிறப்பு இல்லம், இரண்டும் வேறு. பெண் பிள்ளைகளுக்குத் தனி.

எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்ததும் ஊழியர்கள் கைதானதும் நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை வைத்து ஒருநபர் குழுவை அரசு போட்டது. அக்கறையாக நடத்துகிற கண்காணிப்பாளர்களும் இருக்கிறார்கள், எங்களுக்கு அப்படி ஒருவர்தான் வாய்த்தார்.

அதனால் பார்க்கப் போவதை விடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, யார் யார் வரலாம் என்று இல்லத்தில் கேட்டு, அடையாள அட்டையோடு போங்கள். வீட்டிலிருந்து ஒருவர் தவறாமல் வருகிறார் என்பது உள்ளே எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஊழியர்களுக்கும் சரி, பெரிய பையன்களுக்கும் சரி. போனதும் திட்டாதீர்கள், கேஸ் பேசாதீர்கள். சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு, முகம், கை, நடை எல்லாவற்றையும் பாருங்கள். பிரச்சினை என்றால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள், அதே நாளில் போர்டுக்கும் வக்கீலுக்கும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லலாம். என் மனைவி ஒவ்வொரு தடவையும் தெருநாய் மணியைப் பற்றி ஏதாவது ஒரு கதை சொல்லுவாள். பையன் பின்னால் சொன்னான், இரவில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுப்பேன் என்று.

புரொபேஷன் ஆபீசர் வீட்டுக்கு வருகிறார். என்ன சொல்ல வேண்டும், என்ன மறைக்க வேண்டும்?

நன்னடத்தை அலுவலர் என்பது அவர் பதவி. குடும்பம், வருமானம், பள்ளி, நண்பர்கள், பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்து சமூக விசாரணை அறிக்கை கொடுப்பார். மொத்தக் கேஸிலும் அதிகம் படிக்கப்படுகிற காகிதம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் வந்தார். அதற்கு முந்தின நாள் வீட்டையே கழுவிவிட்டோம், சாமி படத்துக்குப் பூ, ஹாலில் பையன் வாங்கிய கப்புகள். நான் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லை மேடம், சேர்க்கைதான் காரணம் என்று ஒரு அரை மணி நேரம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார். காபி குடித்தார். அப்புறம் மூலையில் உட்கார்ந்திருந்த என் சின்ன மகளைப் பார்த்து, "அப்பாவுக்குக் கோபம் வருமா பாப்பா?" என்றார். அவளுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அப்பா பெல்ட்டால அடிப்பாரு, அதான் அண்ணா அப்பா தூங்கினதுக்கு அப்புறம்தான் வருவான்" என்றாள்.

அது அறிக்கையில் வந்தது. ஸ்டேஷனில் நான் அறைந்ததும் வந்தது. போர்டில் பெண் உறுப்பினர் என்னைப் பார்த்து, கடையை எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று மட்டும் கேட்டார். 10.30 என்றேன். பையன் வெளியே சுற்றிக்கொண்டிருந்ததும் அதே 10.30 வரைக்கும்தான், அதற்கு மேலும்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, அறையில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பயந்த மாதிரி அந்த அறிக்கை எங்களைக் கெடுக்கவில்லை. குடும்ப ஆலோசனைக்கு எழுதினார்கள், போனோம், நான் முனகிக்கொண்டே போனேன். கடையை 8.30க்கு மூட ஆரம்பித்தேன். வியாபாரம் குறைந்தது, உண்மைதான். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: குடி இருந்தால் குடி இருக்கிறது என்று சொல்லுங்கள், கடன் இருந்தால் கடன், அப்பா அம்மா பேச்சுவார்த்தை இல்லையென்றால் அதையும். அவர்கள் தேடுவது உத்தமமான வீட்டை இல்லை, நடப்பதைத் தெரிந்து வைத்திருக்கிற வீட்டை. கூடவே அவனிடம் இருக்கிற நல்லதையும் காகிதத்தோடு கொடுங்கள். விளையாட்டுச் சான்றிதழ், டியூஷன் சாரின் கடிதம், ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு விண்ணப்பித்த ரசீது, எதுவாக இருந்தாலும்.

அவன்தான் செய்தான் என்று எங்களுக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளச் சொல்லவா, மறுக்கச் சொல்லவா?

இரண்டையும் நீங்கள் சொல்லாதீர்கள். அது அவனும் வக்கீலும் பேசி முடிவு செய்ய வேண்டியது. வீட்டுக்குள் உண்மை பேசலாம், பேச வேண்டும். ஆனால் கேஸில் என்ன நிலை எடுப்பது என்பது வேறு விஷயம், அதை அப்பாவின் மானமோ அம்மாவின் அழுகையோ தீர்மானிக்கக் கூடாது. குற்ற எண்ணம் இல்லாதவன் என்ற அனுமானம் 18 வயது வரை சட்டமே கொடுத்திருக்கிறது.

போனில் இருப்பதை அழிப்பது, வண்டியை மறைப்பது, வேறு ஒருவரை ஓட்டியதாகச் சொல்ல வைப்பது, இந்த வேலைகளெல்லாம் வேண்டாம். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சொகுசுக் கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், பையனின் ரத்த மாதிரியை மாற்றியதாகப் பெற்றோரே கைதானார்கள்.

பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா?

வக்கீலைக் கேட்காமல் போகாதீர்கள். நாம் மன்னிப்பு என்று நினைத்துப் போவது அங்கே மிரட்டல் என்று பதிவாகலாம், அதுவும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் கண்டிப்பாக. பைக் விஷயத்தில் கேஸ் முடிந்த பிறகு நானும் பையனும் மட்டும் போனோம். உடைந்த இண்டிகேட்டருக்கும் ஒரு சர்வீஸுக்கும் காசு கொடுத்தோம். வண்டிக்காரர் காசை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

16 வயது தாண்டினால் பெரியவர்கள் மாதிரி விசாரிப்பார்கள் என்கிறார்களே?

எல்லா வழக்கிலும் இல்லை. 16 முடிந்திருக்க வேண்டும், குற்றமும் கொடுங்குற்றமாக இருக்க வேண்டும், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல். கொலை இதில் வரும். கொலை முயற்சிக்கு அதிகபட்சம் பெரிய தண்டனை என்றாலும் குறைந்தபட்சம் இல்லாததால் இதில் வராது. 2020ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது, 2021 திருத்தத்தில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை வக்கீலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒரு பிரிவு கூடுவதும் குறைவதும் மொத்தப் பாதையையும் மாற்றிவிடும்.

அந்த மாதிரி வழக்கில் போர்டு முதலில் ஒரு பூர்வாங்க மதிப்பீடு செய்யும். செய்தானா இல்லையா என்பது அதில் கேள்வி இல்லை. செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருக்குமா, எந்தச் சூழ்நிலை என்பதுதான். உளவியல் தெரிந்தவர் போர்டில் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் யார் பரிசோதித்தார்கள், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அறிக்கையின் நகலையும் கேளுங்கள். இதை எதிர்த்து மேல்முறையீடு உண்டு. பெரியவர் மாதிரி விசாரிக்கிற குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போனாலும் அவர்களும் மறுபடி யோசிக்கலாம், 21 வயது வரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, தூக்கும் கிடையாது, வெளியே வரவே வழியில்லாத ஆயுளும் கிடையாது.

பையன் வண்டி ஓட்டி விபத்து. எங்கள் மேலும் கேஸா?

ஆமாம். 2019லிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு. பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான், தடுக்க முடிந்ததெல்லாம் செய்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம், ஆனால் தினமும் அதே வண்டியில் டியூஷனுக்குப் போனதை தெருவே பார்த்திருக்கும். உங்களுக்குத் தனி வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

காதல் விவகாரம். இரண்டு பேருக்கும் 17. போக்சோ போட்டிருக்கிறார்கள்.

பெண்ணின் சம்மதம் இருந்தது என்பது 18க்குக் கீழே சட்டத்தில் செல்லாது. பிரிவைப் பொறுத்து கொடுங்குற்றமாகிவிடும், அப்போது மேலே சொன்ன மதிப்பீடும் வரும். இளவயதுக் காதல் வழக்குகள் சிலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள், ஒவ்வொரு வழக்கும் அதன் விவரத்தைப் பொறுத்தது. பையன் அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் கூட அனுப்பக் கூடாது, நண்பன் மூலமாகவும் கூடாது. பஞ்சாயத்தில் "கட்டி வச்சிரலாம்" என்று யாராவது கிளம்புவார்கள். அது குழந்தைத் திருமணம், இன்னொரு கேஸ், அதில் நீங்களும் உள்ளே போவீர்கள்.

கடைசியில் என்ன உத்தரவு வரும்? எவ்வளவு நாள் இழுக்கும்?

முதல் ஆஜரிலிருந்து நாலு மாதத்தில் முடிக்க வேண்டும், இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சின்னக் குற்றம் (அதிகபட்சம் மூன்று வருஷத் தண்டனை வரை உள்ளது, சாதாரணத் திருட்டு இதில் வரும்) அதற்குள் முடியவில்லை என்றால் விசாரணையே கைவிடப்படும். உத்தரவில் புத்திமதி சொல்லி அனுப்புவதிலிருந்து குழு ஆலோசனை, சமூக சேவை, அபராதம், பெற்றோர் பொறுப்பில் மூன்று வருஷம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாகச் சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம் வரை என்று பல படிகள் உண்டு. அபராதத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். எங்களுக்கு ஆலோசனை, ஒரு வருஷக் கண்காணிப்பு. திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா? பிறகு வேலை கிடைக்குமா?

ஹெச்.எம். ஒருவரிடம் மட்டும், தேவையான அளவு. வாய்தா நாளில் லீவு வேண்டும், பரீட்சை நாளில் வாய்தா வந்தால் போர்டில் முன்கூட்டியே மனு கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவு போதும். பையனின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் பத்திரிகையோ டிவியோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள், குரூப்பில் பதில் எழுதாதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை, சிறாராக இருந்தபோது நடந்த வழக்கால் தகுதியிழப்பு எதுவும் வராது என்கிறது சட்டம், பதிவேடுகளையும் அழித்துவிட வேண்டும். முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியிடவும் கூடாது. (16 தாண்டி, பெரியவராக விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.) நடைமுறையில் போலீஸ் வேலை, ராணுவம் என்று போகும்போது இழுத்தடிப்பார்கள், அதனால் இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள்.

சொந்தக்காரர்கள் கேட்டால்?

"கோர்ட்டில் இருக்கு, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." இது பொய்யும் இல்லை. என் அம்மாவுக்கு மட்டும் முழுசாகச் சொன்னோம். அவர் ஒன்றுமே கேட்கவில்லை, பேரன் வந்த அன்றைக்குப் பணியாரம் சுட்டார்.

வாய்தாவுக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக?

வழக்கு எண் எழுதிய தாள், ஆதார் நகல், வயதுச் சான்று அசல், முந்தின உத்தரவின் நகல், பள்ளி வருகைச் சான்று, இவை ஒரு ஃபைலில். அவனுக்குக் காலர் வைத்த சட்டை ஒன்று, புதுசு வேண்டாம். தண்ணீர் பாட்டில். அப்புறம் இரண்டு பேருக்குச் சாப்பாடு, கட்டுச்சோறாக இருந்தாலும் பரவாயில்லை, மதியம் ஆகிவிடும். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் என் பையன் அந்த ராத்திரி என்ன நடந்தது என்று முதல் தடவையாக என்னிடம் சொன்னான்.